பஸ் இருக்கும் படங்களைத் தேர்ந்தெடுக்கவும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. சென்னீர்குப்பத்தில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது. பார்வையற்ற மாணவர்கள் தேர்வு எழுதும்போது அவர்கள் சொல்லச் சொல்ல விடைத்தாளில் எழுதித் தர ஓர் ஆள் வேண்டும். ஸ்க்ரைப் என்பார்கள். அந்த ஆளைத் தேடித் தருவதுதான் அறக்கட்டளையின் வேலை.

2. அதற்கு ஓர் இணையதளம் தேவைப்பட்டது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருளில் ஒரு தன்னார்வலர் செய்து கொடுத்தார். பிறகு கனடா போய்விட்டார்.

3. தளத்தில் ஒரு படிவம் இருந்தது. மாணவர்கள் பெயர், கல்லூரி, பாடம், தேர்வு நாள் எல்லாவற்றையும் போனிலேயே நிரப்பி அனுப்புவார்கள். போன் திரையில் இருப்பதைப் படித்துக் காட்டும், இவர்கள் கேட்டு நிரப்புவார்கள்.

4. அந்தப் படிவம் வழியாகக் குப்பை வரத் தொடங்கியது. கடன் வேண்டுமா, எடை குறைய வேண்டுமா, வெளிநாட்டில் வேலை வேண்டுமா என்று.

5. ஒரு சனிக்கிழமை அம்பத்தூர் எஸ்டேட்டில் உள்ள ஒரு கம்பெனியிலிருந்து சமூக சேவைக்காக ஓர் இளைஞர் குழு வந்தது. தளத்தை அழகாக்கி, குப்பையைத் தடுக்கவும் வழி செய்துவிட்டுப் போனது. அதுவும் இலவசம்.

6. குப்பை நின்றது.

7. விண்ணப்பங்களும் ஏறக்குறைய நின்றன. இதை யாரும் கவனிக்கவில்லை.

8. தேவி என்ற மாணவி பஸ் பிடித்து நேரில் வந்தார்.

தேவி வந்த அன்று நானும் அந்த அலுவலகத்தில் இருந்தேன்.

இதை இப்போது எழுதக் காரணம் அஸ்வினி. நான் விட்டுவந்த வேலையில் என் இடத்துக்கு வந்திருப்பவள். போன வாரம் கூப்பிட்டாள். "அக்கா, எல்லா டிரஸ்ட்டுலயும் ஒரே கேள்விதான். சாஃப்ட்வேர் ஃப்ரீதானே, அப்புறம் உங்களுக்கு எதுக்கு மாசா மாசம் குடுக்கணும்ங்கறாங்க. நான் என்னக்கா சொல்றது?" போனில் விளக்க எனக்குத் தெம்பில்லை. எழுதி அனுப்புகிறேன் என்றேன். உட்கார்ந்தால் அந்தக் கேள்விக்கு நேரான பதில் வரவில்லை. தேவிதான் நினைவுக்கு வந்தார்.

ஓய்வு பெற்றேன் என்று சொல்லிக்கொள்ளும் வயது எனக்கு இல்லை. ஆனாலும் அந்த வேலையைப் பொறுத்தவரை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். பொறியியல் முடித்து, விருதுநகர் பக்கமிருந்து வந்து, கொரட்டூரில் ஒரு ஃப்ளாட்டில் மூன்று பெண்களோடு தங்கி, பெரிய கம்பெனிகளின் நேர்முகத் தேர்வுகளில் வரிசையாகத் தோற்று, கடைசியில் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் வேலைக்குச் சேர்ந்தேன். தொண்டு நிறுவனங்களின் இணையதளங்களைப் பராமரிக்கும் வேலை. கற்றுக்கொண்டதெல்லாம் செய்து செய்துதான்.

நிறுவனம் விஜயா மேடத்துடையது. மேடத்துக்கு இரண்டு குணங்கள். ஒன்று, எவ்வளவு பெரிய கோளாறானாலும் குரல் உயராது. "யார் கடைசியா தொட்டது?" என்று மட்டும் கேட்பார். திட்டுவதற்காகக் கேட்கிறார் என்று புதிதில் பயந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது வரிசைதான். யார் எதை எப்போது மாற்றினார்கள் என்பது தெரிந்தால் பாதிக் கோளாறு தீர்ந்துவிடும் என்பார். இரண்டாவது குணம், யாருக்கும் முடியாது என்று சொல்ல மாட்டார். முதியோர் இல்லமோ ஊனமுற்றோர் பள்ளியோ வந்து, "எங்ககிட்ட அவ்ளோ இல்லைம்மா" என்றால், "சரிங்க, குடுக்கறதைக் குடுங்க" என்றுவிடுவார். அந்த "சரிங்க"வின் மிச்சத்தை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து செய்தோம். நான் வேலையை விட்டதற்கு முதல் குணம் காரணம் இல்லை.

அஸ்வினிக்கு மேடம் சொல்லிக்கொடுத்திருப்பார். இருந்தாலும் எங்கள் முறையை இங்கே எழுதிவைக்கிறேன். இந்த இலவச மென்பொருள் தனி ஆள் இல்லை. அதன்மேல் சின்னச் சின்ன இணைப்பு மென்பொருள்களை ஏற்றிக்கொண்டே போகலாம். படிவத்துக்கு ஒன்று, படங்களுக்கு ஒன்று, நன்கொடைக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர் எழுதியிருப்பார். அவருக்கு அலுத்துவிட்டால் விட்டுவிடுவார். ஒன்றைப் புதுப்பித்தால் இன்னொன்று படுத்துக்கொள்ளும். ஆகவே, எதையும் தொடுவதற்கு முன் மொத்தத் தளத்தையும் நகல் எடுக்க வேண்டும். அந்த நகலை வேறு இடத்தில் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத நகலை மேடம் நகலென்றே ஒப்புக்கொள்ள மாட்டார். பிறகு முதலில் நகலில் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்குப் பிறகும், தளத்தை யார் பயன்படுத்துகிறார்களோ அவர்களாக மாறி ஒருமுறை போய்வர வேண்டும். நன்கொடை தருபவராக, வேலை தேடுபவராக.

சென்னீர்குப்பம் தளத்துக்கு மட்டும் கடைசிப் படி வேறு. மானிட்டரை அணைத்துவிட வேண்டும். மௌஸைத் தள்ளி வைத்துவிட வேண்டும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு, கணினி படிப்பதைக் கேட்டுக் கேட்டே படிவத்தை நிரப்பி அனுப்ப வேண்டும். முதல் தடவை எனக்குப் பாதி நாள் ஆனது. இருண்ட திரையை வெறித்துக்கொண்டு தட்டுவதைப் பார்த்து டீ கொண்டுவந்த அண்ணன், "கரண்ட் இல்லாமயே வேலை பாக்குறியாம்மா?" என்று கேட்டார்.

இதை ஒவ்வொரு மாதமும் செய்துகொண்டிருந்தோம். பிறகு அறக்கட்டளையின் செயலாளர், பருவத்துக்கு ஒருமுறை போதும் என்றார். "ஃப்ரீ சாஃப்ட்வேர்தானேம்மா, அதுபாட்டுக்கு ஓடுது." மேடம் சரிங்க என்றார்.

செயலாளர் பெயர் சம்பந்தம். ஆவடியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். கண் தெரியாத ஒரு நண்பருக்காக இளமையில் தேர்வு எழுதியவர், அதிலிருந்து இதைத் தொடங்கினார். அவருக்கு மனிதர்களைக் கௌரவிக்க ரொம்பப் பிடிக்கும். அறக்கட்டளையின் ஆண்டு விழாவில் நன்கொடை தந்தவர், மண்டபம் தந்தவர், மைக் செட் தந்தவர் எல்லோருக்கும் பொன்னாடை உண்டு. தளம் வந்த பிறகு பொன்னாடையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொருவருக்கும் தளத்தில் ஓர் அட்மின் கணக்கு. தளத்தில் எதையும் மாற்றும், சேர்க்கும், அழிக்கும் முழு உரிமை. மேடையிலேயே அறிவிப்பார்: "இன்று முதல் அண்ணன் அவர்கள் நம் தளத்தின் நிர்வாகிகளில் ஒருவர்!" கைதட்டல். பெயர் பொறித்த கேடயத்திலும் 'இணைய நிர்வாகி' என்று இருக்கும். வாங்கியவர்களில் பலர் ஒருதடவைகூட உள்ளே போனதில்லை. இப்படிக் கொடுக்காதீர்கள் என்று நான் சொல்லியிருக்கிறேன். "ஒரு கணக்குக்கு இவ்ளோன்னு காசா கேக்குறான்? ஃப்ரீதானேம்மா" என்று சிரித்தார்.

அம்பத்தூர் கம்பெனிக் குழுவின் தலைவர் கார்த்திக்குக்கும் அப்படித்தான் கணக்கு கிடைத்தது. குழு வந்த சனிக்கிழமை நாங்கள் யாரும் அங்கே இல்லை. எங்கள் முறை வர இன்னும் நாள் இருந்தது.

அந்த முறை வந்த வியாழக்கிழமை காலை நான் போனேன். நெடுஞ்சாலை ஓரம், டயர் கடைக்கு மேல் மாடி. சம்பந்தம் சார் உற்சாகமாக இருந்தார்.

"வாம்மா வா. சைட்ட பாத்தியா? கல்யாண மண்டபம் மாதிரி ஆக்கிட்டாங்க பசங்க. ஒரு குப்பை வர்றதில்ல இப்போ. காலைல எழுந்தா அந்த லோன்காரன் மூஞ்சிலதான் முழிப்பேன். சுத்தமா நின்னு போச்சு."

"விண்ணப்பம் எல்லாம் வருதா சார்?"

"வருது, வருது. கொஞ்சம் கம்மிதான். இப்பல்லாம் காலேஜ்லயே ஏற்பாடு பண்றாங்க போல."

நான் பையிலிருந்து லேப்டாப்பை எடுப்பதற்குள் படியில் கோல் தட்டும் சத்தம் கேட்டது. ஓர் இளம்பெண் வாசலில் நின்றார். வியர்த்திருந்தார்.

"ஸ்க்ரைப் டிரஸ்ட் இதானே? கீழ டயர் கடைக்காரரு மாடின்னாரு."

"இதாம்மா. வா, உக்காரு. பேரு?"

"தேவி. பி.ஏ. ஹிஸ்டரி, கடைசி செமஸ்டரு. உக்கார்றது இருக்கட்டும் சார். ஒண்ணு கேக்குறேன், கோச்சிக்காதீங்க. கண்ணு தெரியாதவங்களுக்குன்னு போர்டு போட்டு வெச்சிகினு, படத்த பாத்து சொல்லுன்னா எப்டி சார் சொல்றது?"

சம்பந்தம் சாருக்குப் புரியவில்லை. "எந்தப் படம்மா?"

"ஃபாரம் ஃபுல்லா நிரப்பிட்டேன் சார். அனுப்புன்னு அமுக்கினா, நீ மனுஷன்னு நிரூபி, பஸ் கீற படத்தையெல்லாம் தொடுங்குது. பஸ்ஸு சத்தம் குடுத்தா எந்த நம்பர் பஸ்ஸுன்னே சொல்லுவேன். படம் குடுத்தா இன்னா பண்றது?"

"கூட யாரையாவது…"

"ஐயப்பன்தாங்கல்ல ஹாஸ்டல் சார். ரூம்ல கீற எல்லாருக்கும் என் கதைதான். வார்டன் அம்மாகிட்ட குடுத்தேன். அவங்க கண்ணாடிய வெச்ச இடம் தெரியாம, லாரியெல்லாம் பஸ்ஸுன்னு அமுக்கி அமுக்கி, கடைசில நான் மனுஷியே இல்லன்னு முடிவு பண்ணி வெளிய தள்ளிடுச்சி."

"போன் பண்ணியிருக்கலாமேம்மா? நம்பர் பெருசா போட்டிருக்கே, மேலயே!"

"பழைய நம்பருக்கு அடிச்சேன். உபயோகத்துல இல்லங்குது. புது நம்பரு எங்க சார் கீது? மேல 'படம்'னு ஒண்ணு சொல்லுது. படத்துக்குள்ள இன்னா கீதுன்னு சொல்ல மாட்டுது."

நான் சாரின் மேசைக் கணினியை எட்டிப் பார்த்தேன். புது நம்பர் மஞ்சள் நிறத்தில், வெகு அழகாக, ஒரு பேனர் படத்துக்குள் எழுதப்பட்டிருந்தது. படத்துக்குள் இருக்கும் எழுத்தை போன் படிக்காது. வேறெங்கும் அந்த எண் இல்லை.

நான் எதுவும் விளக்கவில்லை. எங்கள் முறைப்படி அலுவலகக் கணினியின் மானிட்டரை அணைத்தேன். ஹெட்போனை சம்பந்தம் சாரிடம் கொடுத்தேன். படிவத்தின் கடைசிப் பகுதிக்கு விசையாலேயே போனேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். படம், படம், படம் என்று அது ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே போவது ஹெட்போனுக்கு வெளியிலும் மெல்லக் கேட்டது. கழற்றி மேசையில் வைத்தார்.

"நான் தெனமும் தெறந்து பாக்கறேனேம்மா. நல்லாதானே இருந்துது."

"பாத்தா நல்லாதான் சார் இருக்கும்" என்றார் தேவி.

பரீட்சை எப்போது என்று கேட்டேன். திங்கட்கிழமை. ஐந்து தாள்கள், முதல் தாள் திங்கள். முந்தைய பருவங்களில் இதே தளம் வழியாகக் கிடைத்த ஓர் அக்காதான் எழுதினாராம். கல்யாணமாகி செய்யாறு போய்விட்டார். பல நாட்களாகப் படிவத்தோடு மல்லாடிவிட்டுத்தான் தேவி நேரில் வந்திருக்கிறார். இந்தப் பருவம் முடித்தால் பி.எட்., பிறகு ஆசிரியர் வேலை. அவருக்கு அது ஒன்றுதான் திட்டம்.

மேடத்துக்குப் போன் செய்தேன். "யார் கடைசியா தொட்டது?" என்றார். சொன்னேன். "சரி. சைட் எங்கயும் ஓடிடாது. முதல்ல அந்தப் பொண்ணோட பரீட்சையைப் பாரு" என்றார்.

சம்பந்தம் சார் தன்னார்வலர் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். அவருக்கு இது தெரிந்த வேலை. குரலே மாறிவிட்டது. "தம்பி, திங்கக்கெழமை ஃப்ரீயா? … டூட்டியா? … சரிப்பா, வேற யாராச்சும்?" ஸ்க்ரைபாக வருபவர் மாணவரைவிடக் குறைவாகப் படித்திருக்க வேண்டும் என்பது அந்தக் கல்லூரியின் விதி. பட்டம் வாங்கியவர்கள் எல்லாம் வெட்டுப்பட்டுப் போனார்கள். கடைசியில் சென்னீர்குப்பத்திலேயே ஒரு பேக்கரியில் வேலை செய்யும் ஷீலா என்ற பெண் கிடைத்தார். பன்னிரண்டாவது முடித்தவர், கையெழுத்து நன்றாக இருக்கும். "ஓனர்கிட்ட நான் பேசறேம்மா" என்று பேக்கரி முதலாளியிடமும் சாரே பேசினார். ஷீலாவின் அடையாள அட்டை நகல் என் போனுக்கு வந்தது. அறக்கட்டளையின் கடிதத்தை எடுத்துக்கொண்டு தேவியும் நானும் கல்லூரிக்குப் புறப்பட்டோம்.

ஷேர் ஆட்டோவில் தேவி என்னிடம் கேட்டார். "நீங்க இன்னா வேலை பாக்குறீங்கக்கா?"

"இந்த மாதிரி சைட்டெல்லாம் சரியா ஓடுதான்னு பாத்துக்கற வேலை."

"அப்டியா" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை. அவர் ஏதாவது கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கல்லூரித் தேர்வு அலுவலகத்தில் கண்காணிப்பாளர் கடிதத்தைப் பொறுமையாகப் படித்தார். கடுமையான ஆள் இல்லை. தேவியை அவருக்குத் தெரிந்திருந்தது.

"என்னம்மா தேவி, இவ்ளோ லேட்டா வர்ற? முதல் பேப்பர் ஸ்க்ரைப் லிஸ்ட் நேத்து சாயங்காலமே யுனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு. அவங்க அப்ரூவ் பண்ணி அனுப்பின பேருதான் ஹால்ல உக்கார முடியும்."

"ஒரு பேரு சேக்க முடியாதா சார்?"

"நேத்து மத்தியானம் வந்திருந்தாக்கூட சேத்திருப்பேன். மத்த நாலு பேப்பருக்கு இப்பவே சேத்துடறேன். திங்கக்கெழமை பேப்பருக்கு என் கையில ஒண்ணும் இல்லம்மா."

"நான் எழுதலாமா சார்? நான் டிரஸ்ட் ஆள் இல்ல, தேவிக்குச் சொந்தமும் இல்ல, நான்…" என்றேன். சொல்லும்போதே அபத்தம் என்று தெரிந்தது.

"நீங்க என்ன படிச்சிருக்கீங்க?"

"பி.இ."

"ஆகாதும்மா. படிக்காம இருந்திருந்தாலும் லிஸ்ட்ல பேரு இல்லையே."

பல்கலைக்கழகத்துக்கும் பேசிப் பார்த்தார், எங்கள் முன்னாலேயே. இரண்டு இடத்துக்கு மாற்றினார்கள். மூன்றாவது இடத்தில் யாரும் எடுக்கவில்லை. நான்கு தாள்களுக்கு ஷீலாவின் பெயரை எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். முதல் தாள் அரியர் ஆகிவிடும், அடுத்த பருவத்தில் எழுத வேண்டும். பி.எட். சேர்க்கைக்குள் பட்டம் கைக்கு வராது.

வெளியே வந்தோம். வேப்பமரத்தடியில் மாணவர்கள் கூட்டமாக நின்று எதையோ மனப்பாடம் செய்துகொண்டிருந்தார்கள். தேவி கொஞ்ச நேரம் கோலைத் தரையில் உருட்டிக்கொண்டு நின்றார்.

"அக்கா, பரவால்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லல."

"நான் அந்த பேப்பர்தான் நல்லா படிச்சிகினு கீறேன். மத்த நாலும் சுமார்." கொஞ்சம் சிரித்தார். "இன்னொண்ணு சொல்றேன். என்னை மாதிரி எத்தினி பேரு அந்த பஸ்ஸு படத்தண்ட நின்னுட்டுப் போனாங்களோ. எல்லாரும் என்ன மாதிரி சண்டை போட வர மாட்டாங்க."

இந்தக் கணக்கை என்னால் போடவே முடியவில்லை. அனுப்பப்படாத படிவம் எங்கேயும் பதிவாகாது. வந்த குப்பை ஒவ்வொன்றும் கணினியில் இருந்தது. வராமல் போனவர்களின் தடயம் இல்லை. பிறகு எவ்வளவோ தேடினேன்.

அன்று மாலையே படத்தேர்வை எடுத்துவிட்டேன். நம்பரை எழுத்தாகப் போட்டேன். இரவுக்குள் லோன்காரர் திரும்பி வந்துவிட்டார். கார்த்திக்குக்குப் போன் செய்தேன்.

"படத்தேர்வு போட்டா ஸ்பாம் வராதுங்க, அது ஸ்டாண்டர்ட்தான். ஏன் எடுத்தீங்க?" என்றார்.

"இது பார்வையற்றவங்க நிரப்பற ஃபாரம்ங்க."

"ஐயோ" என்றார். பிறகு, "சவுண்டுல கேட்டு பதில் சொல்ற வசதி அதுல இருக்குங்க. பாத்தேன். ஆனா அது காசு கட்டற வெர்ஷன்ல மட்டும்தான் வருது. ஃப்ரீ போதும்னு சார் சொன்னாரு."

அடுத்த சனிக்கிழமை கார்த்திக் தனியாக வந்தார். மேடமும் வந்திருந்தார். காசு கட்டும் பதிப்பை ஒரு வருடத்துக்குத் தானே வாங்கித் தருவதாகக் கார்த்திக் சொன்னார். உண்மையாகவே சொன்னார்.

"அடுத்த வருஷம்?" என்றார் மேடம், வழக்கமான குரலில்.

"அடுத்த வருஷம் நான் எந்த ஊர்ல, எந்த ப்ராஜெக்ட்ல இருப்பேன்னு தெரியல மேடம்."

"அதான் கேட்டேன்."

வேறு வழி செய்தோம். கண்ணுக்கும் தெரியாத, போனும் படிக்காத ஒரு காலிக் கட்டத்தைப் படிவத்தில் ஒளித்து வைத்தோம். இயந்திரம் ஆசைப்பட்டு அதையும் நிரப்பும். நிரப்பினால் அது குப்பை. பாதி அதில் சிக்கியது. மீதி எங்கோ கூலிக்கு உட்கார்ந்து மனிதர்களே அனுப்புவது. அதைப் பிரிக்க தினமும் ஒரு மனிதர் படித்துப் பார்த்தே ஆக வேண்டும். விண்ணப்பம் எது, குப்பை எது என்று. மென்பொருளை எழுதியவர்கள் அதை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் நேரத்தை அவர்களால் கொடுக்க முடியாது. யாரும் அதைக் கொடுக்காதபோது, அதற்கு விலையாக தேவி ஒரு தேர்வுத் தாளைக் கொடுத்தார்.

அடுத்து அட்மின் கணக்குகள். அவற்றையெல்லாம் நீக்க வேண்டும் என்றேன். சம்பந்தம் சார் முகம் வாடிவிட்டது.

"எப்படிம்மா? மேடைல வெச்சு குடுத்தது. போத்தின பொன்னாடையைத் திருப்பிக் குடுன்னு கேக்கற மாதிரி ஆயிடும். கேடயத்துல வேற எழுதியிருக்கே."

நான் வாதாடத் தயாரானேன். மேடம் கையமர்த்தினார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மென்பொருளில் புதிதாக ஒரு பதவியை உருவாக்கலாம், அதற்கு என்னென்ன உரிமை என்பதையும் நாமே தீர்மானிக்கலாம். மேடம் 'கௌரவ நிர்வாகி' என்று ஒரு பதவியை உருவாக்கினார். உள்ளே வரலாம். தன் பெயரையும் புகைப்படத்தையும் பார்க்கலாம். வேறெதையும் தொட முடியாது. பட்டியலில் இருந்த எல்லோரையும் அந்தப் பதவிக்கு மாற்றினார், கார்த்திக் உட்பட. கார்த்திக்கே பக்கத்தில் உட்கார்ந்து உதவினார்.

"பதவி உயர்வுதான் சார் குடுத்திருக்கோம்" என்றார் மேடம்.

சம்பந்தம் சார் திரையைப் பார்த்தார். "கௌரவ நிர்வாகி. நல்லாத்தான் இருக்கு. அடுத்த வருஷ கேடயத்துலயும் இதையே போட்டுடலாம்."

இரண்டு மாதம் கழித்து மைக் செட்காரர் ஒருவர் மட்டும் போன் செய்தாராம். "இன்னா சார், உள்ள போனா ஒண்ணுமே அமுக்க முடில?"

"அது கௌரவம் அண்ணாத்தே. கௌரவத்த யாராச்சும் அமுக்குவாங்களா?" என்று சார் சொன்னதாகக் கேள்வி.

நான் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு என்னால் அந்த வேலையைப் பழையபடி செய்ய முடியவில்லை. ஒவ்வொரு தளத்தைத் திறக்கும்போதும், இதில் யார் எந்தப் படத்துக்கு முன்னால் நிற்கிறார்கள் என்று தேட ஆரம்பித்தேன். காசநோய் இல்லத்துத் தளத்தில் தேடினேன், பெண்கள் உதவி மையத்தின் தளத்தில் தேடினேன். ஒவ்வொன்றுக்கும் பாதி நாள், ஒரு நாள் கூடியது. யாரும் அதற்குத் தர மாட்டார்கள் என்று தெரியும். மேடமும் கேட்க மாட்டார் என்று தெரியும். ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓட்டினேன். பிறகு ஒரு திங்கட்கிழமை மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவர் காரணம் கேட்கவில்லை. "ஞாயித்துக்கெழமை எல்லாம் எடுத்துக்கிட்டேன், இல்ல?" என்றார். ஆமாம் என்றேன்.

அஸ்வினி, உன் கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில் இவ்வளவுதான். எதற்குப் பணம் என்று அவர்கள் கேட்டால், பணத்தைப் பற்றிப் பேசாதே. "தினமும் இதை யார் பார்ப்பாங்க, பேர் சொல்லுங்க" என்று கேள். பெயர் சொன்னால் அந்த ஆளிடமே பேசு. பெயர் இல்லை என்றால், அந்தத் தளத்தை இன்னும் சின்னதாக்கு. ஒரு பக்கம், ஒரு போன் நம்பர், எழுத்தாக. மேடம் சரிங்க என்பதற்கு முன்னால் நீ இதைக் கேட்டுவிட வேண்டும்.

இப்போது நிலைமை இது. நான் போரூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறேன், ஞாயிறு விடுமுறை. தேவி மற்ற நான்கு தாள்களையும் ஷீலாவோடு எழுதித் தேறினார். விட்டுப்போன தாளை அடுத்த பருவத்தில் எழுதினார், அதிலும் தேறினார். பி.எட். ஒரு வருடம் தள்ளிச் சேர்ந்து இப்போது படித்துக்கொண்டிருக்கிறார். அவரோடு படித்தவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். சென்னீர்குப்பம் தளத்தில் படத்தேர்வு இல்லை. வருவதையெல்லாம் தினமும் காலையில் படித்துப் பிரிப்பவர் சம்பந்தம் சார். அவர் ஊரில் இல்லாத நாட்களில் அதைச் செய்ய யாரும் இல்லை.